92 கிலோ எடைக்கு 12 அடி 6 அங்குலப் பலகை போதுமா?

பலகைமேல் நின்று துடுப்பு வலிக்கும் துடுப்புப் பலகைப் பந்தயத்தில், 12 அடி 6 அங்குலப் பலகையுடன் நீங்கள் பின்தங்குவதற்கு உங்கள் 92 கிலோ எடையைவிடப் பலகையின் நீளமே பெரிய காரணமாக இருக்கலாம். பலகை தானே எழுப்பும் அலைகளால் வரும் தடை (அலைத்தடை) கடுமையாகும் வேகம் நீரில் படியும் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து உயர்வதால், கோவைக் குளங்களைப் போன்ற சலனமற்ற நீரில், 14 அடிப் பலகைக்குக் கணக்கின்படி அந்த வேகத்தில் ஏறத்தாழ 6 சதவீதம் சாதகம் உண்டு. எடை கூடினால் பலகை ஆழ அமிழ்ந்து உராய்வும் கூடும். கொள்ளளவு குறைந்த பலகையில் இது மிகுதியாகத் தெரியும்.

புதியது வாங்குமுன், நீங்கள் துடுப்பு வலிப்பதைக் கரையிலிருந்து ஒருவரைப் பக்கவாட்டில் படமெடுக்கச் சொல்லுங்கள். பின்முனை அமிழ்ந்து முன்முனை தூக்கியிருந்தால், சற்று முன்னே நின்று அதே தூரத்திற்கு நேரம் பாருங்கள். செலவில்லாத இந்தத் திருத்தத்தையே முதலில் பரிந்துரைப்பேன்.

மிதவைகளைச் சுற்றும் போட்டியில் நீளப் பலகை திரும்பத் தாமதிக்கும் என்பதையும், 12 அடி 6 அங்குலப் பலகைகளுக்குப் போட்டியில் தனிப் பிரிவு உண்டா என்பதையும் கவனியுங்கள்.