உடன்பிறந்த டாபர்மேன் குட்டி இதயநோயில் இறந்துவிட்டது. என் நாய்க்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் கவலை தீருமா?

எக்கோ எடுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், நான் நிறுத்தினேன்.

எங்கள் வீராவுக்கு அப்போது நாலரை வயது. அவனோடு ஒரே ஈத்தில் பிறந்தவள், பந்துக்கு ஓடியவள், பாதியில் சரிந்து விழுந்தாள். அவ்வளவுதான். முந்தின நாள்வரை ஒரு இருமல்கூட இல்லை. அவளை வளர்த்தவர் அழுதுகொண்டே போன் செய்து, “உங்க பையனைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க” என்றார்.

மறுநாளே போனோம். மயக்க ஊசி போடவில்லை. நெஞ்சோரம் கொஞ்சம் முடியை மழித்துப் பக்கவாட்டில் படுக்க வைத்தார்கள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அறைகளின் அளவும் சுருங்கும் வலுவும் நன்றாக இருக்கின்றன என்றார்கள். அன்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐந்து மாதம் கழித்துத் தடுப்பூசிக்குப் போன இடத்தில் வேறொரு மருத்துவர், “ஹோல்டர் வெச்சீங்களா?” என்று கேட்டார். நான் கேள்விப்பட்டதே இல்லை. 24 மணி நேர இதயத்துடிப்பைப் பதியும் சின்னக் கருவி அது, உடம்போடு கட்டிவிடுவார்கள். டாபர்மேனுக்கு வரும் இதயம் விரியும் நோயில், விரிவதற்கு முன்பே துடிப்பு கெடலாம். அது எக்கோவில் தெரியாது. ஒரு நாளில் இதயத்தின் கீழறையிலிருந்து நேரத்துக்கு முன்பே வரும் துடிப்புகள் 300-ஐத் தாண்டினாலே நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். வீராவுக்கு 412. முதலில் பார்த்தவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

துடிப்பைச் சீராக்க மாத்திரை தொடங்கினோம். ஒன்பது மாதத்தில் எடுத்த எக்கோவில் இடது கீழறை விரிய ஆரம்பித்திருந்தது. அன்றே பிமோபென்டன் என்ற இதய மருந்தும் சேர்ந்தது. இதே நிலையில் இருந்த டாபர்மேன்களை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், இதயச் செயலிழப்போ திடீர் மரணமோ வரும்வரையிலான இடைநிலைக் காலம் (பாதி நாய்கள் தாண்டிய காலம்) அந்த மருந்து தின்றவற்றுக்கு 718 நாள், தின்னாதவற்றுக்கு 441 நாள். அந்த வித்தியாசம் எனக்குப் பெரிது. வீராவுக்கு இப்போது ஆறரை வயது.

“நல்லா இருக்கிற நாயை ஏன் ஆஸ்பத்திரிக்கு இழுக்கணும், பயமுறுத்தாதே” என்று எழுத வருபவர்களுக்கு: நான் மருத்துவர் இல்லை, உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. ஆனால் விழுந்து செத்தவளும் முந்தின நாள்வரை நல்லா இருந்தவள்தான். ஹோல்டர் வைத்த நாளுக்கு விடுப்புக் கேட்டபோது அலுவலகத்தில் “நாய்க்கா?” என்று சிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரர் கார் சர்வீஸுக்கு அரைநாள் எடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு ஆறவில்லை.

மரபணுச் சோதனையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். சோதனை தேடும் மரபணு மாற்றம் இருந்தும் நோய் வராத நாய்கள் உண்டு, இல்லாமலே வந்தவையும் உண்டு. உங்கள் பையனின் வயதை நீங்கள் எழுதவில்லை. மூன்று ஆகியிருந்தால் எக்கோ, ஹோல்டர் இரண்டையும் ஆண்டுதோறும் செய்யுங்கள்.

அந்த ஈத்தின் மற்ற குட்டிகளை வளர்ப்பவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். வீராவோடு பிறந்தவை எட்டு. நான்கு வீடுகளைத்தான் என்னால் கண்டுபிடிக்க முடிந்தது.