தூக்கு பாக்காம கட்டுன கோபுரம்

அன்புள்ள சார்,
ஓவியர் புரூகல் வரைஞ்ச ‘பாபேல் கோபுரம்’ படத்த நேத்து போன்ல பாத்தேன். வானத்த தொடற கோபுரம் கட்டுன ஜனங்களோட பாஷைய கடவுள் எறங்கி வந்து கலைச்சுட்டார்னு பைபிள்ல வருமே, அந்தக் கதை. ஏன்னே தெரியல, ஒரு மாதிரி பயமா இருந்துச்சு. கோபுரம்னா மனுஷனோட திமிர், மேகம்னா கடவுள்னு ஒரு வீடியோல சொன்னாங்க. படத்துல நிக்கற ராஜா நிஜத்துல ஸ்பெயின் மன்னர்தானா? இத எப்படி புரிஞ்சுக்கறது?
– ஒரு வாசகர்

தம்பி,

பயமா இருந்துச்சுன்னு எழுதுனீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதறேன், அத விட்றாதீங்க. ராஜா யாருன்னு ஆராய்ச்சி பண்றவங்க பாத்துக்கட்டும். ஆனா இந்த ‘அதுன்னா இது’ அகராதிய மொதல்ல தூக்கிப் போடுங்க, கோவமா வருது. 1563ல ஒரு மனுஷன் ஒன்றரை மீட்டர் அகல பலகைல எறும்பு சைசுக்கு ஆளுங்கள ஒவ்வொருத்தரா வரைஞ்சு வச்சிருக்கார், நீங்க அவங்கள பாக்காமயே அர்த்தம் கேக்கறீங்க.

எங்கப்பா கொத்தனார். நான் காலேஜ் படிக்கறப்ப இந்தப் படம் ஒரு பழைய காலண்டர்ல கெடச்சு சுவத்துல ஒட்டி வச்சிருந்தேன். ஒருநாள் வேலை முடிஞ்சு வந்தவர் கைகால் கூட கழுவாம அது முன்னாடி நின்னுட்டார். ராஜாவயும் பாக்கல, மேகத்தயும் பாக்கல. பாரம் தூக்கற பெரிய சக்கரம், அதுக்குள்ள ஆளுங்க நடந்து நடந்தே சுத்தறாங்கல்ல, அதத்தான் ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் ஒரு வளைவு மேல விரல வச்சு, “தூக்கு பாக்காம கட்டிருக்கான்டா”ன்னார். தூக்குன்னா, சுவர் நேரா நிக்குதான்னு பாக்க கொத்தனார் நூல்ல கட்டித் தொங்கவிடற குண்டு.

எனக்கு அது புரிய ரொம்ப வருஷம் ஆச்சு. புரூகல் இத்தாலி வரைக்கும் போய் வந்தவர், ரோம்ல இருக்கற பழைய வட்ட அரங்கம் கொலோசியத்துல இருக்கற மாதிரியே வளைவுகள அடுக்கடுக்கா வச்சிருக்கார், ஆனா கொலோசியத்துல ஒவ்வொரு அடுக்கும் மட்டமா நிக்குது, இங்க தரையே மலைப்பாதை கணக்கா சுத்திச் சுத்தி மேல ஏறுது, அந்தச் சரிவுக்கு நேரா வளைவ நிறுத்துனா தூக்குக்குண்டு எப்படி ஒத்துப்போகும், மொத்த கட்டடமும் சாயத்தானே செய்யும். சாஞ்சும் இருக்கு. கீழ் அடுக்கே இன்னும் முடியல, மேல மேகத்துக்குள்ள வேலை ஓடிட்டிருக்கு. சாமி எறங்கி வந்து பாஷைய கலைக்கற வரைக்கும் எதுக்கு, இது அதுக்கு முன்னாடியே போயிருச்சு தம்பி.

அப்பா விரல கீழ எறக்கி, கோபுரத்து அடியில நெருக்கி நெருக்கி இருக்கற வீடுகள காட்டி, “இதுல ஆளுங்க குடியிருக்காங்களா?”ன்னு கேட்டார்.

உங்க பயமும் இதுதான்னு நெனைக்கறேன். ஒரிஜினல் வியன்னா மியூசியத்துல இருக்கு, நெட்ல பெரிய படமாவே கெடைக்கும். போன வச்சுட்டு கம்ப்யூட்டர்ல பெருசாக்கி அந்த வீடுகள ஒவ்வொண்ணா பாருங்க. அர்த்தம் வேணாம், என்ன பாத்தீங்கன்னு மட்டும் எழுதுங்க.