ஒரு சீட்டு குறைகிறது

அன்புள்ள அம்மாவுக்கு,

பன்னிரண்டு ஆண்டுகளாக டெட்ராய்ட்டின் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். 2023இல் குடியுரிமை பெற்றேன். இந்த ஜூலை 4ஆம் தேதி நாட்டின் 250ஆவது ஆண்டு நிறைவைக் கொண்டாட எங்கள் ஊரில் ஏற்பாடுகள் நடக்கின்றன. எனக்குக் கொண்டாட மனமில்லை. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து காவலர்களை அடித்தவர்கள் உட்பட ஏறத்தாழ 1500 பேருக்கு, மீண்டும் பதவியேற்ற அன்றே அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். அதிபராக இருந்து செய்த செயல்களுக்குக் குற்றவழக்கிலிருந்து பெருமளவு விலக்கு உண்டு என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெக்சாஸில் தொகுதி எல்லைகளை ஆளுங்கட்சிக்கு ஏற்றபடி மாற்றி வரைந்தார்கள். பதிலுக்குக் கலிபோர்னியாவும் வரைந்தது. மக்கள்தொகையில் கலிபோர்னியாவின் அறுபதில் ஒரு பங்குகூட இல்லாத வயோமிங்குக்கும் மேலவையான செனட்டில் அதே இரண்டு உறுப்பினர்கள். இதை இன்னமும் ஜனநாயகம் என்று சொல்லலாமா? என் ஒரு வாக்கால் எதுவும் மாறப்போவதில்லை என்று 2024இல் நான் வாக்களிக்கவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

ச., மிச்சிகன்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அதே வாரத்தில் மிச்சிகனிலிருந்து இன்னொரு மடலும் எனக்கு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு உங்கள் ஊரையே நினைத்துக்கொண்டிருந்ததால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் பட்டியலில் உள்ளவை எல்லாம் உண்மை. காவலரை அடித்தவன் மன்னிக்கப்பட்ட செய்தியைப் படித்த அன்று எனக்கும் உறக்கம் வரவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எனக்கும் கசக்கிறது. தொகுதிகளை வெட்டி ஒட்டும் வேலையை எந்தக் கட்சி செய்தாலும் அது வாக்காளரை ஏய்ப்பதுதான். செனட்டின் கணக்கோ 1787இல் சிறிய மாநிலங்களை உடன்பட வைப்பதற்காகச் செய்த பேரம். அநீதிதான், ஆனால் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தபோதே நீங்கள் அறிந்த அநீதி. இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள், நான் எழுத வேண்டியதில்லை.

என்னால் கடந்துபோக முடியாத ஒரு வாக்கியம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. உங்கள் ஒரு வாக்கால் எதுவும் மாறப்போவதில்லை என்கிறீர்கள். எப்போதும் ஒரே கட்சி பெரும் வித்தியாசத்தில் வெல்லும் வயோமிங்கில் இருந்துகொண்டு இதை எழுதியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் இருப்பது மிச்சிகன். 2016இல் அந்த மாநிலத்தை டிரம்ப் வென்றது 10,704 வாக்கு வித்தியாசத்தில். மாநிலத்தில், நம் மாவட்டங்களைப் போன்ற கவுண்டிகள் 83 இருக்கின்றன. வகுத்துப் பாருங்கள், கவுண்டிக்கு 130 வாக்குகூட வராது. உங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் சேர்ந்தால் அவ்வளவு பேர் தேறுவார்கள். அங்கே போயிருக்கும் நம்மவர்கள் பலரும் கணக்கில் தேர்ந்தவர்கள். இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்க்க ஏன் மறுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பல ஆண்டுகள் காத்திருந்து, கைகூப்பாத குறையாக வாங்கிய உரிமையை, வாங்கிய மறுவருடமே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஜனநாயகம் செத்துவிட்டதா என்று என்னிடம் கேட்கிறீர்கள். கேட்கும்போது உங்களுக்குக் கொஞ்சமாவது கூசியிருக்க வேண்டும், தம்பி.

அமெரிக்காவில் தேர்தலை நடத்த நம் தேர்தல் ஆணையத்தைப் போல நாடு முழுமைக்குமான அமைப்பு இல்லை. மாநிலங்களும், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகளும், அவற்றுக்குள் இருக்கும் நகரங்களும்தான் நடத்துகின்றன. 2025 மார்ச்சில் தேர்தல் விதிகளை ஓர் ஆணையின் மூலம் மாற்ற அதிபர் முயன்றபோது, அந்த அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் மாநிலங்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் கொடுத்திருக்கிறதே தவிர அதிபருக்கு அல்ல என்று சொல்லித்தான் நீதிமன்றங்கள் அதன் முக்கியப் பகுதிகளைத் தடுத்தன. ஆகவே அந்த நாட்டின் ஜனநாயகத்தை நான் வாஷிங்டனில் தேடுவதில்லை. முதல்நாள் இரவு வரை பள்ளிக்கூட விளையாட்டு அரங்காக இருந்த இடத்தில் மேசை போட்டு உட்காரும் ஓய்வுபெற்ற மனிதர்களிடம் தேடுகிறேன்.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். 2022 இலையுதிர் காலத்தில் மகளின் பிரசவத்துக்காக மிச்சிகனில் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் இருந்த அம்மையார் பள்ளி நூலகராக இருந்து ஓய்வுபெற்றவர்; பல தேர்தல்களாக வாக்குச்சாவடிப் பணிக்குப் போய்வந்தவர். ஆசிரியப் பணியில் இருந்தபோது நானும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது. தேர்தல் முடிந்த மறுவாரம், கவுண்டியின் சரிபார்ப்பு வாரியம் கூடும் அறைக்கு என்னை அழைத்துப் போனார். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.

நீளமான மேசை. கட்சிக்கு இருவராக நான்கு உறுப்பினர்கள். சாவடி சாவடியாக, எத்தனை பேர் வாக்குச்சீட்டு வாங்கினார்கள் என்ற பதிவேட்டையும், இயந்திரத்துக்குள் எத்தனை சீட்டுகள் போயின என்ற எண்ணையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சாவடியில் பதிவேடு 812 என்றது, இயந்திரம் 811 என்றது. ஒரு சீட்டு குறைகிறது. அங்கே யாருடைய வெற்றியும் அந்த ஒரு சீட்டைச் சார்ந்திருக்கவில்லை. ஆனாலும் அடுத்த சாவடிக்கு அவர்கள் நகரவில்லை. அந்தச் சாவடிக்குப் பொறுப்பாக இருந்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து, வேலை பார்க்கும் இடத்தின் சீருடையோடே அவர் வந்து சேர்ந்தார். வாக்குச்சீட்டை வாங்கிய ஒரு பெண், வெளியே காரில் குழந்தை அழுவதாக யாரோ வந்து சொன்னதும் சீட்டோடு போனவர் திரும்பவே இல்லை என்றும், அதைத் தனித்தாளில் குறித்துவைத்துப் பதிவேட்டில் ஏற்ற மறந்துவிட்டதாகவும் சொன்னார். உறையைத் தேடினார்கள், தாள் இருந்தது. விளக்கத்தை எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கி, அதன் பிறகுதான் அடுத்த உறையை எடுத்தார்கள். சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கான நம் படிவம் 17சியை நள்ளிரவில் கூட்டிச் சரிபார்த்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன, தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்த ஒரு சீட்டுக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020 அதிபர் தேர்தலில் ஒரு மாநிலத்தின் முடிவையே நிறுத்த முயன்றவர்கள் பிடித்துக்கொண்டது இத்தகைய சீட்டுகளைத்தான். டெட்ராய்ட் இருக்கும் வெயின் கவுண்டியில், நவம்பர் 17 அன்று, வாரியத்தில் டிரம்ப்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த உறுப்பினர்கள் இருவர், நகரத்தின் பல சாவடிகளில் கணக்கு ஒன்றும் இரண்டுமாக இடிக்கிறது என்று சொல்லிச் சான்றளிக்க மறுத்தார்கள். மொத்த இடிப்பு சில நூறு. மாநிலத்தில் பைடனின் முன்னிலை ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு நகரத்தின் வாக்குகள் அன்று சில மணி நேரம் கணக்கில் இல்லாமல் நின்றன. மக்கள் ஒருவர்பின் ஒருவராகப் பேசினார்கள். இரவில் அந்த இருவரும் இணங்கிச் சான்றளித்தார்கள். அதே இரவில் அப்போதும் அதிபராக இருந்த டிரம்ப் அவர்களைத் தொலைபேசியில் அழைத்தார். மறுநாளே அவர்கள் தங்கள் ஒப்புதலைத் திரும்பப் பெற முயன்றார்கள், அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது.

ஆறு நாள் கழித்து மாநில வாரியம் கூடியது. அங்கும் நால்வர். குடியரசுக் கட்சியின் உறுப்பினர் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். மற்றவர் ஆரன் வான் லாங்கவெல்ட் என்னும் வழக்கறிஞர். சட்டம் தங்களுக்குத் தராத அதிகாரத்தைத் தாங்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லி ஒப்புதல் அளித்தார். 3–0 என்று முடிவு சான்றளிக்கப்பட்டது. அவருடைய கட்சி அவரை மறுபடி அந்தப் பதவிக்கு முன்மொழியவில்லை. இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? உங்கள் மாநிலத்துக்காரர்.

என் பக்கத்து வீட்டு அம்மையாருக்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் பெயர் சொல்லாத அழைப்புகள் வந்தனவாம். திருடி என்று திட்டினார்களாம். கணவர் போதும் என்றிருக்கிறார். அவர் 2022இலும் போனார். அந்தத் தேர்தலில்தான், எண்ணப்பட்ட வாக்குகளின் ஆவணத்தை மட்டுமே வைத்து வாரியங்கள் சான்றளித்தாக வேண்டும் என்பதை மிச்சிகன் மக்கள் தங்கள் மாநில அரசமைப்பிலேயே எழுதிச் சேர்த்தார்கள். பத்துக்கு ஆறு பேர் ஆதரித்தார்கள். 2020இல் திறந்துகிடந்த கதவுக்கு இரண்டே ஆண்டில் தாழ்ப்பாள் போட்டவர்கள் உங்கள் அக்கம்பக்கத்தார்தான். உங்கள் நீண்ட பட்டியலில் இது இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

வரும் நவம்பர் 3ஆம் தேதி அங்கே ஆளுநரையும் ஒரு செனட் உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலத்தின் தேர்தல் நிர்வாகத்துக்குத் தலைமை வகிக்கும் மாநிலச் செயலாளரையும் அன்றுதான் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்களியுங்கள் என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. ஊரில் தேர்தலை நடத்தும் அதிகாரியான சிட்டி கிளார்க்கின் அலுவலகத்துக்குப் போய் வாக்குச்சாவடிப் பணிக்குப் பெயர் கொடுங்கள். பதிவுபெற்ற வாக்காளராக இருந்தால் போதும். பயிற்சியும் தருவார்கள், கொஞ்சம் பணமும் தருவார்கள். எந்தக் கட்சி என்று கேட்பார்கள், கூச்சப்படாமல் சொல்லுங்கள். இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறார்கள். ஊர் திரும்புவதைப் பற்றி டிசம்பரில் எனக்கு எழுதுங்கள். அதற்கு அப்போது பதில் சொல்கிறேன்.

எனக்கு வந்த அந்த இன்னொரு மடல் அந்த அம்மையாருடையது. இந்த நவம்பரிலும் போகப்போகிறாராம். கண்ணில் புரை விழுந்திருப்பதால் இருட்டில் வண்டி ஓட்ட மருத்துவர் அனுமதிக்கவில்லை. விடிவதற்கு முன்னால் சாவடிக்குக் கூட்டிப்போகவும், இரவு எண்ணி முடித்தபின் வீட்டில் விடவும் யாராவது கிடைப்பார்களா என்று கேட்டிருக்கிறார். அவர் வீடு உங்கள் ஊரிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருக்கிறது. நீங்கள் சம்மதித்தால் உங்கள் எண்ணை அவருக்கு அனுப்புகிறேன்.