அந்தக் கை படத்திலேயே இருக்கட்டும்

கேள்வி: வாழைச்சேனையில் இருந்து ஒரு பத்திரிகைக்குப் பகுதிநேரமாகச் செய்தி அனுப்புகிறேன். போன மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கியபோது, ஒரு பாட்டி உலருணவுப் பொதியைத் தலையில் வைத்து, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி முழங்காலளவு தண்ணீரில் வருவதைப் படமெடுத்தேன். அதன் மூலையில் இன்னொரு செய்தியாளரின் கையும் போனும் விழுந்துவிட்டன. அதனால் பாட்டியைத் திரும்பவும் ஒருமுறை நடந்து வரச் சொல்லி எடுத்தேன். அந்தப் படம் சுத்தமாக வந்திருக்கிறது. சர்வதேசப் போட்டி ஒன்றுக்கு எதை அனுப்புவது? முதல் படம்தான் என்றால் அந்தக் கையை போட்டோஷொப்பில் அழிக்கலாமா? ஆங்கிலத்தில் குறிப்பு எழுதும் அளவுக்கு எனக்கு மொழி வராது. மெமரி காட்டைப் போன கிழமை ஃபோமட் செய்துவிட்டேன். பத்திரிகைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதிகள் மட்டும் இருக்கின்றன. அவை போதுமா?

பதில்:

தம்பி, அவசரமானதை முதலில் சொல்கிறேன். அந்த மெமரி காட்டைக் கமராவில் இருந்து இப்போதே கழற்றி வையுங்கள். அதில் இனி ஒரு படம்கூட எடுக்க வேண்டாம்.

கமராவில் சாதாரணமாக ஃபோமட் செய்யும்போது பெரும்பாலும் கோப்புகளின் பட்டியல்தான் அழிகிறது. அதன் மேல் புதிதாக ஏதாவது எழுதப்படும் வரைக்கும் படங்கள் காட்டிலேயே கிடக்கும். ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. காட்டைக் கணினியில் செருகி அதை ஓட விடுங்கள். மீட்கும் படங்களை அதே காட்டில் சேமிக்காமல் வேறொரு டிஸ்க்கில் சேமியுங்கள். கோப்புகளின் பெயர்கள் மாறி வரும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எடுத்த திகதி, நேரம், கமராவின் விபரம் எல்லாம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். ஃபோமட் செய்த பிறகு காட்டை நிறையப் பாவித்திருந்தால் கிடைப்பது கடினம். எதற்கும் முயன்று பாருங்கள், ஏனென்றால் மற்ற எல்லாமே இதில்தான் தங்கியிருக்கிறது.

வட்ஸ்அப் பிரதி போதாது. சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், உள்ளே பதிந்த தகவல்களையும் அகற்றிவிடும். மதிப்பான போட்டிகள் கடைசிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் கமராவில் இருந்து வந்தபடியே மூலக் கோப்பைக் கேட்கும். ரோவில், அதாவது கமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பாக எடுத்திருந்தால் அந்த ரோ, சுருக்கிய சாதாரணப் படக் கோப்பான ஜேபெக்கில் எடுத்திருந்தால் அந்த ஜேபெக். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் கேட்பதுண்டு. 1955இல் தொடங்கி ஆம்ஸ்டர்டாமில் இருந்து நடத்தப்படும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற செய்திப் படப் போட்டியில், 2015இல் இறுதிக்கு முந்தைய சுற்று வரை வந்த படைப்புகளில் 20 வீதமானவை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து நீக்கப்பட்டன. உலகம் முழுவதிலும் இருந்து வந்து, அவ்வளவு தூரம் ஏறிய பிறகு, ஐந்தில் ஒன்று வெளியே போனது.

சரி, இப்போது எந்தப் படம் என்ற கேள்விக்கு வருவோம். முதல் படத்தைத்தான் அனுப்ப வேண்டும்.

நீங்கள் இணைத்திருந்த இரண்டு சிறிய பிரதிகளையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் பிள்ளையின் ஒரு கை பாட்டியின் பிடியில் இருக்கிறது, மற்றக் கையில் ஒரு சோடி செருப்பு. தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்று கழற்றிப் பிடித்திருக்கிறது. பாட்டி அடுத்த காலை எங்கே வைப்பது என்று தண்ணீரைப் பார்க்கிறார். பொதியின் ஒரு மூலை நனைந்து தொங்குகிறது. இரண்டாவது படத்தில் செருப்பைக் காணவில்லை, கரையில் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். பிள்ளை உங்களைப் பார்க்கிறது. பாட்டியின் முகத்தில் இருப்பது நீங்கள் சொன்னதைச் செய்து முடிக்கிற கவனம். இந்த வித்தியாசத்தை நடுவர்கள் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்காது. கண்டுபிடிக்காவிட்டாலும் அந்த நடை வெள்ளத்தைக் கடந்த நடை அல்ல, உங்களுக்காக நடந்த நடை. செய்திப் படம் என்ற பெயரில் அதை எங்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் பத்திரிகையில் வெளியானது அதுதான் என்றால் ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். தலையில் சுமையும் கையில் பிள்ளையுமாக அந்தத் தண்ணீரைக் கடந்து வந்த ஒருவரை மீண்டும் அதில் இறங்கச் சொல்லக் கூடாது. வீதியின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாத வெள்ளம் அது. எந்தப் பரிசுக்காகவும் அதைச் செய்யாதீர்கள்.

அந்தக் கையை அழிக்கலாமா என்று கேட்டீர்கள். அழிக்கக் கூடாது. உங்களுடைய சிக்கலை அப்படியே ஒத்த ஒரு சம்பவம் இருக்கிறது. சிரியப் போரைப் படமெடுத்த நர்சிசோ கொன்ட்ரேராஸ், 2013இல் அமெரிக்காவின் புலிட்சர் இதழியல் பரிசு பெற்ற அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனக் குழுவில் ஒருவர். அதே ஆண்டில் எடுத்த ஒரு படத்தின் மூலையில் சக செய்தியாளரின் வீடியோக் கமரா விழுந்திருந்தது. அதை அழித்துவிட்டு அனுப்பினார். விஷயம் தெரியவந்ததும் 2014 ஜனவரியில் ஏபி அவருடனான தொடர்பை முறித்துக்கொண்டது. செய்திக்கும் அந்தக் கமராவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தும் வேலை போனது. 2010இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் பரிசு பெற்ற ஸ்டெபான் ரூடிக்கின் தொடரில் ஒரு படத்தில், பின்னால் நின்ற ஒருவரின் பாதத்தில் ஒரு துண்டு அகற்றப்பட்டிருந்தது. அந்தப் பரிசையும் பறித்தார்கள். இது கடுமைதான், ஆனால் நியாயமான கடுமை என்பது என் எண்ணம். சின்னதை அழிக்கலாம் என்று விட்டால், எது சின்னது என்பதை அழிக்கிறவரே தீர்மானிப்பார்.

ஓரத்தை வெட்டலாம், அதற்குத் தடை இல்லை. வெட்டிப் பாருங்கள். ஆனால் உங்கள் படத்தில் அந்தக் கைக்குப் பக்கத்தில்தான் வீதியோரக் கட்டை ஒன்று தண்ணீருக்கு மேல் தலைகாட்டுகிறது. அது இருப்பதால்தான் இது வாவியோ குளமோ அல்ல, வீதி என்று பார்ப்பவருக்கு விளங்குகிறது. வெட்டும்போது அதுவும் போய்விடும். நான் என்றால் கையோடு விட்டுவிடுவேன். பாட்டி நடந்து வரும்போது அங்கே செய்தியாளர்கள் நின்றது உண்மைதானே, அது தெரிந்தால் குறைவில்லை.

வெளிச்சம், மாறுபாடு, நிறம் ஆகியவற்றை அளவோடு சரிசெய்யலாம். கறுப்பு வெள்ளையாக மாற்றவும் பெரும்பாலான போட்டிகளில் இடமுண்டு. கமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சரில் படிந்த தூசிப் புள்ளியை நீக்கலாம். பின்னணியில் நிற்பவர் மறைந்துபோகும் அளவுக்கு இருட்டாக்கக் கூடாது, சேற்று நிற வெள்ளத்தை நீலமாக்கக் கூடாது. செயற்கை நுண்ணறிவால் ஒன்றைச் சேர்ப்பது, நிரப்புவது, போனில் விரலால் தேய்த்து ஆட்களை மறைப்பது எதையும் தொடவே வேண்டாம். பல படங்களை ஒட்டிய பனோரமாவும் பெரும்பாலும் ஏற்கப்படாது.

அடுத்தது படக்குறிப்பு. நம் ஆட்கள் அதிகம் தோற்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். படத்துக்கு நாள்கணக்கில் மினக்கெட்டுவிட்டு, குறிப்பைக் கடைசி இரவில் ஒரே வரியில் எழுதி அனுப்புகிறார்கள். நீங்களும் மாதிரிக்கு எழுதியிருக்கிறீர்கள்: ‘மட்டக்களப்பு வெள்ளத்தில் துயரத்துடன் தவிக்கும் மூதாட்டி’. இதில் ஊர் இல்லை, திகதி இல்லை, பெயர் இல்லை. இருப்பது துயரம் மட்டும், அதுவும் அவர் சொன்னதல்ல, நீங்கள் சொன்னது.

முதல் வாக்கியம் படத்தில் தெரிவதை நிகழ்காலத்தில் சொல்லட்டும்: ‘இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு மாவட்டம் கிரானில், வெள்ளத்தில் மூழ்கிய புலிபாய்ந்தகல் வீதியில், நிவாரணமாகக் கிடைத்த உலருணவுப் பொதியைச் சுமந்தபடி இன்னார் தன் பேரப்பிள்ளையுடன் வீடு திரும்புகிறார்.’ கூடவே சரியான திகதி. பிறகு இரண்டு மூன்று வாக்கியங்களில் பின்னணி. வடகீழ்ப் பருவமழையில் மாதுறு ஓயா ஆறு பெருகினால் இந்த வீதி மூழ்குகிறது, அப்பால் இருக்கும் ஊர்களுக்குப் படகிலோ உழவு இயந்திரத்திலோதான் போகலாம் என்பது கிரானில் எல்லோருக்கும் தெரியும். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் நடுவருக்குத் தெரியாது. எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்பட்டன என்று எழுதுவதானால் பிரதேச செயலகத்திலோ மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிலோ கேட்டு, யார் சொன்ன கணக்கு என்பதையும் சேருங்கள்.

இடத்தை அரைகுறையாக எழுதுவது ஆபத்து. 2015இல் ஜியோவானி ட்ரொய்லோ பெல்ஜியத்தின் ஷார்லெருவா நகரத்தைப் பற்றிய படத்தொடருக்கு வேர்ல்ட் பிரஸ் போட்டோ பரிசு பெற்றார். அதில் ஒரு படம் அந்த நகரத்தில் எடுத்ததே அல்ல, பிரசல்ஸில் எடுத்தது என்று தெரிந்ததும் பரிசு திரும்பப் பெறப்பட்டது. ஆகவே கிரானில் எடுத்ததைக் கிரான் என்றே எழுதுங்கள், வெறுமனே மட்டக்களப்பு என்று விட்டுவிட வேண்டாம்.

ஆங்கிலம் வராதது பெரிய தடை இல்லை. தமிழில் முழுதாக எழுதி முடியுங்கள், பிறகு உங்கள் ஊர் ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் எழுதாத ஒன்றையும் சேர்க்க வேண்டாம், அழகாக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். முடிந்ததும் ஒவ்வொரு வரியையும் திரும்பத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஊர்ப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் பலவிதமாக இருக்கும், பிரதேச செயலகம் பாவிப்பதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பாவியுங்கள்.

பாட்டியின் பெயரை நீங்கள் கேட்கவில்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் இல்லை. கிரானுக்குப் போய்த் தேடுங்கள். படத்தைப் பிரிண்ட் போட்டு ஒன்றை அவருக்குக் கொடுங்கள். இது வெளிநாட்டில் பலர் பார்க்கப்போகும் போட்டி என்று விளக்குங்கள். அவரிடமும் பிள்ளையின் தாய் தகப்பனிடமும் சம்மதம் கேளுங்கள். நிவாரணப் பொதியோடு தன்னை உலகம் பார்ப்பதை அவர் விரும்பாமல் இருக்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், விதிகள் கட்டாயப்படுத்தாவிட்டாலும்.

கோப்பு தயாரிப்பதில் பெரிய வித்தை இல்லை. எப்போதும் மூலத்தில் இருந்து ஒரே தடவையில் ஜேபெக் எடுங்கள். திருத்திச் சேமித்த ஜேபெக்கைத் திரும்பத் திரும்பச் சேமித்தால் தரம் குறைந்துகொண்டே போகும். நீளப் பக்கம் எத்தனை பிக்சல், கோப்பு எவ்வளவு பெரிது என்பதைப் போட்டியின் விதியில் பாருங்கள். சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். நிற வெளி, அதாவது கோப்பு நிறங்களைக் குறிக்கும் முறை, எதுவென்று சொல்லாவிட்டால் வழக்கமான எஸ்ஆர்ஜிபியில் சேமியுங்கள். படத்தின் மேல் உங்கள் பெயர், முத்திரை, சட்டம் ஒன்றும் வேண்டாம். பெரும்பாலும் நடுவர்கள் பெயர் தெரியாமல்தான் பார்ப்பார்கள். குறிப்பைப் படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் ஐபிடிசி என்ற தகவல் பகுதியிலும் எழுதிவிடுங்கள், லைட்ரூம் என்ற மென்பொருளிலோ இலவசமான டிஜிகாமிலோ செய்யலாம். அப்போது படம் எங்கே போனாலும் குறிப்பும் கூடப் போகும். கமராவின் திகதியும் நேரமும் சரியா என்று இப்போதே பாருங்கள். பற்றரியைக் கனநாள் கழற்றி வைத்தால் சில கமராக்களில் அது மாறிவிடும். பிறகு குறிப்பில் ஒரு திகதி, கோப்பில் ஒரு திகதி என்று நிற்கும்.

ஒற்றைப் படமா தொடரா என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் தொடருக்கு 4 முதல் 10 படங்கள் வேண்டும். உங்களிடம் அந்த வெள்ளத்தில் எடுத்தவை நிறைய இருக்கலாம், ஆனால் ஒரே ஆளைப் பல கோணத்தில் எடுத்தது தொடராகாது. இம்முறை ஒற்றைப் படமாகவே அனுப்புங்கள். 2022 முதல் அந்தப் போட்டியில் படம் எடுக்கப்பட்ட பிராந்தியத்தின்படிதான் படைப்புகள் பிரிக்கப்படுகின்றன, எனவே உங்கள் படம் முதலில் நம் பிராந்தியத்துப் படங்களோடுதான் நிற்கும். அதற்குக் கட்டணமும் இல்லை. கட்டணம் கேட்கும் போட்டிகளில் உரிமை பற்றிய பந்தியை ஆறுதலாக வாசியுங்கள். அனுப்பும் எல்லாப் படங்களையும் எக்காலத்துக்கும் இலவசமாகப் பாவிப்போம் என்று எழுதியிருந்தால் விலகிவிடுங்கள். படத்தின் உரிமை உங்களுக்கா பத்திரிகைக்கா என்பதையும் ஆசிரியரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிவு நேரத்தில் கவனம். மத்திய ஐரோப்பிய நேரம் என்று போட்டிருந்தால், ஜனவரியில் நம் நேரம் அதைவிட நாலரை மணித்தியாலம் முந்தியது. அங்கே நண்பகல் 12 என்றால் இங்கே மாலை 4.30. மாரி காலத்தில் மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஒரு கிழமைக்கு முன்னரே ஏற்றிவிடுங்கள். ஏற்றுக்கொண்டதாக வரும் மின்னஞ்சலை அழிக்காதீர்கள். மூலக் கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

மெமரி காட்டில் இருந்து படங்கள் மீண்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பாட்டியைச் சந்தித்த பிறகு தமிழ்க் குறிப்பை மட்டும் அனுப்பினால் போதும், வாசித்துவிட்டு எங்கே குறைகிறது என்று சொல்கிறேன்.