மது, போதைப்பொருள் பற்றிப் பிள்ளைகளிடம் ஒளிவுமறைவின்றிப் பேசினால் அதுவே அவர்களைத் தூண்டிவிடாதா?

தூண்டிவிடாது என்பதே என் பதில். கேள்வியில் தெரியும் பதற்றத்தைப் பார்த்தால் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறேன். நான் மருத்துவன் அல்லன், உயிரியல் ஆசிரியன். அதனாலேயே ஆண்டுதோறும் போதை விழிப்புணர்வு வகுப்பு என் தலையில் விழுகிறது.

பல ஆண்டுகள் அதை வழக்கம்போலவே நடத்தினேன்: சுருங்கிப்போன ஈரலின் படம், அதட்டலான ஒரு பேச்சு, இறுதியில் உறுதிமொழி. ஒருமுறை பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "குடித்துவிட்டு ஒருவன் மயங்கிக் கிடந்தால் கூட இருப்பவன் என்ன செய்ய வேண்டும், சார்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. என்னைச் சீண்டுகிறான் என்று எண்ணி, "அப்படிப்பட்டவர்களோடு உனக்கென்ன சகவாசம்?" என்று அவனை உட்கார வைத்துவிட்டேன். சில வாரங்கள் கழித்து, ஒரு பிறந்தநாள் விருந்தில் அவனுடைய நண்பன் அளவுமீறிக் குடித்து விழுந்தான். தூங்கினால் தெளிந்துவிடும் என்று நம்பிய பிள்ளைகள் அவனை மல்லாக்கப் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் இருந்து பிழைத்தான். பெரியவர்கள் யாரையும் ஏன் அழைக்கவில்லை என்று நான் கேட்டபோது, முன்பு கேள்வி கேட்ட அதே மாணவன், "திட்டுவீர்கள் என்று தெரியுமே, சார்" என்றான்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். மயங்கியவனைத் தனியே விடக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். எழுப்பியும் எழாவிட்டாலோ, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். காபியாலும் குளிர்ந்த நீராலும் போதை இறங்காது, ஏனெனில் ஈரல் தன் வேகத்தில்தான் மதுவைச் சிதைக்கும். வயிற்றில் இருப்பது இரத்தத்தில் கலந்துகொண்டே இருப்பதால், குடிப்பதை நிறுத்திய பின்னும் நிலைமை மோசமாகலாம். தூக்க மாத்திரையும் சேர்ந்திருந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும். இவற்றில் எந்த வாக்கியம் குடிக்கத் தூண்டுகிறது என்பதை எதிர்ப்பவர்கள்தாம் காட்ட வேண்டும்.

நான் குடியை நியாயப்படுத்துவதாக யாரும் எழுதிவிட வேண்டாம். மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முதிர்ச்சி அடைகிறது, அதுவரை தொடாமலிருப்பதே நல்லது என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். ஆனால் உபதேசத்துக்கு இருக்கும் வலிமையை நாம் மிகையாக மதிப்பிடுகிறோம். 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி, காவலர்களையே வகுப்பறைக்கு அனுப்பிய 'டேர்' எனும் போதைத் தடுப்புத் திட்டம் பெரும்புகழ் பெற்றது. ஆயினும் பிள்ளைகளின் போதைப் பழக்கத்தை அது குறிப்பிடத்தக்க அளவு குறைத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. பின்னாளில் அதன் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள்.

இப்போது தங்கள் கேள்விகளையும், குடித்துப் பார்த்ததுண்டா என்பதையும் பெயர் எழுதாத சீட்டுகளில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லி, அவற்றைக் கொண்டே வகுப்பை நடத்துகிறேன். இவ்வகுப்பில் எத்தனை பேர் குடித்துப் பார்த்திருப்பார்கள் என்று முதலில் ஊகிக்கச் சொல்வேன். பிறகு பெயரில்லாத சீட்டுகளை எண்ணினால், ஊகத்தைவிட எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே இருக்கும். எல்லோரும் குடிக்கிறார்கள், நான் மட்டும்தான் இல்லை என்று கூசிக்கொண்டிருந்தவர்களின் முகம் அப்போது மாறுவதைப் பார்க்க வேண்டும். நிர்வாகத்துக்கோ இதில் நிறைவில்லை. அறிக்கையில் ஒட்டுவதற்குப் புகைப்படம் வேண்டும், அதற்கு விழிப்புணர்வு வாசகம் எழுதும் போட்டி நடத்து என்கிறார்கள்.

நான் எதிர்பாராதது ஒன்று உண்டு. சீட்டுகளில் கணிசமானவை பிள்ளைகளின் பழக்கத்தைப் பற்றியவை அல்ல. "அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் நானும் தங்கையும் என்ன செய்வது?" என்பது போன்றவை. அவற்றை வகுப்பில் உரக்கப் படிப்பதில்லை. மணி அடித்த பிறகு அரைமணி நேரம் ஆய்வகத்தில் இருப்பேன் என்று பொதுவாக மட்டும் சொல்லிவைக்கிறேன். இதுவரை இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.