கொன்றோலருக்குப் பூசிய நிறம் ஏன் உரிகிறது?

புதுக்குடியிருப்பு வாசகர் ஒருவரின் கேள்வி: "அண்ணா தந்த பிளேஸ்டேசன் 4 கொன்றோலருக்கு ஹாட்வெயாரில் வாங்கிய ஸ்பிரே பெயின்ற்றைக் கார்த்திகையில் அடித்தேன். வெண்புகை படிந்ததுபோல மங்கிவிட்டது. இரண்டு கிழமைக்குள் கைபிடிக்கும் இடம் உரியத் தொடங்கியது. பெயின்ற் கூடாததா?"

பெயின்ற்றில் குறையிருப்பதாகத் தெரியவில்லை. ஸ்பிரேயிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்ந்து, மழைக்காலத்துக் காற்றின் ஈரம் அதில் படிவதாலேயே அந்த வெண்மை உண்டாகிறது. வன்னியில் ஐப்பசி முதல் மார்கழி வரை இந்த வேலையைத் தொடாமலிருப்பதே நல்லது. உரிந்ததற்குக் காரணம் வேறு. உள்ளங்கை எண்ணெய் நெடுநாள் ஊறிய பிளாஸ்ரிக்கில், பிரைமர் எனப்படும் அடிப்பூச்சு இல்லாமல் எந்த நிறமும் பிடித்து நிற்காது.

பழைய பூச்சை அகற்றத் தின்னரோ அசிற்றோனோ வேண்டவே வேண்டாம். கொன்றோலரின் ஓடு ஏபிஎஸ் பிளாஸ்ரிக் என்பதால் அவை ஓட்டையே கரைத்துவிடும். பாமசியில் கிடைக்கும் ஐசோபுறப்பைல் அற்ககோலைத் தொட்டுப் பழைய பல்தூரிகையால் தேய்த்தால், முழுவதும் போகாவிட்டாலும் பெரும்பகுதி இளகிவரும். அதற்கு முன், பின்புறத்து நான்கு திருகாணிகளைக் கழற்றி, இரு பாதிகளையும் இணைக்கும் மெல்லிய நாடாக் கேபிளை அறுக்காமல் மெதுவாக எடுத்து, மின்கலத்தையும் சுற்றுப்பலகையையும் வேறாக்கி, வெற்று ஓட்டை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். (அவிழ்க்க அவிழ்க்கத் தொலைபேசியில் படம் எடுத்து வைப்பது திரும்பப் பூட்டும்போது உதவும்.)

ஓட்டை 800ஆம் இலக்க மண்கடதாசியால் தண்ணீர் தொட்டு மினுக்கம் மங்கும்வரை தேய்த்து, சவர்க்கார நீரில் கழுவி உலர்த்திய பின் வெறுங்கையால் தொடாதீர்கள். பிளாஸ்ரிக்குக்கான பிரைமர், பிறகு நிறம், கடைசியாகக் கிளியர் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு என்ற ஒழுங்கில், ஒரு சாண் தூரத்திலிருந்து மெல்லிய படைகளாக அடித்து, ஒவ்வொரு படைக்கும் இடையில் கால்மணி நேரமாவது விடவேண்டும். முதற்படையில் பழைய நிறம் தெரிந்தால் தெரியட்டும். ஒரேயடியாக மறைக்க முயன்றால் வழியும். இரு பாதிகளும் பொருந்தும் விளிம்பையும் பொத்தான் துளைகளின் உட்சுவரையும் நாடா ஒட்டி மறைக்காவிட்டால், பூச்சின் தடிப்பாலேயே பொத்தான் இறுகிவிடும். விரலால் தொட்டு இயக்கும் தொடுபலகைக்குப் பூசாமல் விட்டுவிடுங்கள்.

மாசி, பங்குனியில் பனி நீங்கிய காலை வேளை இதற்கு வாய்ப்பானது. கொதிக்கும் மத்தியானத்தில் துளிகள் பரப்பைத் தொடுமுன்னரே காய்ந்து மணல்போலச் சொரசொரக்கும்; சோளகம் வீசும் ஆடி, ஆவணியிலோ கிரவல் வீதியின் செம்புழுதி ஈரப் பூச்சில் வந்து ஒட்டும். காற்றோட்டமான விறாந்தையில் முகக்கவசத்தோடு அடியுங்கள்.

தொட்டால் ஒட்டாதது காய்ந்ததற்கு அடையாளமல்ல. ஒரு கிழமை கட்டித் தொங்கவிட்டு, பிறகு மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பெயின்ற் மணம் இன்னும் வந்தால் பூட்டாதீர்கள்.