கூரை சோலார்: மானியம் எவ்வளவு, எப்போது?

கேள்வி: இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஓடுகிறது. 5 கிலோவாட் போட்டால் மானியம் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார் விற்பனையாளர். உண்மையா? - வாசகர், தென்காசி

பதில்: இல்லை. 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு தலா ரூ.30,000, மூன்றாவதுக்கு ரூ.18,000. மொத்தம் ரூ.78,000, அதற்குமேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். உங்களுக்கு 2 கிலோவாட்டே போதும். நிழல் விழாத 200 சதுர அடி வேண்டும்.

மானியம் முன்பணமல்ல. திட்டத் தளத்தில் மின் இணைப்பு எண்ணோடு பதிந்து, அங்கீகாரம் பெற்றவரிடம் பொருத்தி, நெட் மீட்டர் (நீங்கள் எடுக்கும் மின்சாரம், திருப்பி அனுப்பும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடும் மீட்டர்) வைத்து, ஆய்வு முடிந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். பலருக்கு இழுபறியாவது பெயரில்தான்: இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரில் இருக்கும். முதலில் பெயர் மாற்றுங்கள்.

பேனல் இந்தியாவில் செய்த செல் (வெயிலை மின்சாரமாக்கும் தகடு) கொண்டதா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இல்லையேல் மானியம் கிடையாது. பேட்டரி இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது சோலாரும் நின்றுவிடும். அது பழுதல்ல, உங்கள் சோலார் கரண்ட் வெளிக்கம்பிக்குப் போகாமல் தடுக்க, கம்பத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்கான ஏற்பாடு.